நாரையைச் சுட்டவர் எனக்குச் சம்பந்தியாகிறார்

மகள்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஸலாம் சொல்லி, உம்மாவின் முழங்கால் வலியை விசாரித்து, மலைநாட்டுக் குளிரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, சொல்ல வந்ததைக் கடைசி வரிகளில் ஒதுக்கி வைத்திருக்கிறாய். உம்மாவின் காக்கா, உன் மாமா, அவருடைய மூத்த மகனை உனக்கும் விருப்பம். இறுதிப் பரீட்சை முடிந்ததும் கல்யாணம். பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளி என்ற முறையில் நான் வலீயாக உட்கார்ந்து அவன் கையைப் பிடித்து உன்னை நிகாஹ் செய்து கொடுக்க வேண்டும். "பழசை மறந்திடுங்க வாப்பா. அந்தப் பயணத்தில எனக்கு ஆவரம்பூ மட்டும்தான் ஞாபகம் இரிக்கு" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்தேன். பிறகு எடுத்தேன். திரும்பவும் மடித்தேன். உன் உம்மா குசினி வாசலில் நின்று, "என்னவாம் புள்ள?" என்று கேட்டாள். அவளுக்கு ஏற்கெனவே தெரியும். இந்த வீட்டில் எல்லாம் எனக்குத்தான் கடைசியாகத் தெரிய வருகிறது.

நீ மறந்தது உன் பிழையில்லை. அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. ஆனால் மறந்த ஒருத்தி, மறக்க முடியாதவனைப் பார்த்து மறந்துவிடு என்று சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. ஆகவே நீ மறந்ததை எழுதுகிறேன். உறைக்குள் மூடி அனுப்பாமல் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உனக்கு வெட்கமாக இருக்கும், தெரியும். உன் விடுதிப் பிள்ளைகள் படிப்பார்கள். படிக்கட்டும். என்னைப் பற்றிச் சொல்லப்பட்டது மூடிய உறைக்குள் சொல்லப்படவில்லை. ஜும்ஆ தொழுகை முடிந்து ஊரே பள்ளிக்குள் உட்கார்ந்திருக்கும்போது சொல்லப்பட்டது. யாருடைய பெயரையும் எழுதமாட்டேன். கல்முனைக்கும் ஒலுவிலுக்கும் இடையில் இந்தக் கதை தெரியாத தேநீர்க் கடை கிடையாது. ஆனால் அந்தக் கடைகளில் தெரிந்திருப்பது உன் மாமா சொன்ன கதை மட்டும்.

சூறாவளி அடித்த மறுவருடம் அது. நம்முடைய கரையில் நிமிர்ந்து நின்ற தென்னை ஒன்றைக் காண்பதே அரிதாக இருந்தது. நம் வளவில் மாவும் வேம்பும் வேரோடு சாய்ந்து கிடந்தன. கூரைத் தகரத்தை மூன்று தெரு தள்ளிப் போய்ப் பொறுக்கி வந்தோம். வீட்டைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் எல்லோரும் அழுதார்கள். மரங்களோடு பறவைகளும் இல்லாமல் போனதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அலகுகளின் வகைகளைக் கரும்பலகையில் கீறிக் காட்டினேன். மீனைக் குத்தும் அலகு, சேற்றைத் துழாவும் அலகு, தானியம் உடைக்கும் அலகு. யன்னலுக்கு வெளியே கை நீட்டிக் காட்ட ஒரு காகம் இருக்கவில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், பாணமைக்கும் தெற்கே கடலோரத்தில் இருக்கும் பறவைச் சரணாலயத்துக்கு உன்னையும் உம்மாவையும் கூட்டிப் போவதென்று. மே மாதத்திலிருந்து ஜூலை வரை அங்கே கடலோரக் களப்புத் தண்ணீரின் நடுவில் நிற்கும் கண்டல் மரங்களில் நாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் கூடு கட்டும். வாலிப வயதில் ஒருமுறை போய்ப் பார்த்திருந்தேன். நீயும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் என் குற்றம்.

வாகனம் வேண்டும். உன் மாமாவிடம் நெல் ஆலை லொறி இருந்தது. வாடகை பேசலாம் என்று ஆலைக்குப் போனேன். தவிட்டுத் தூசிக்கு நடுவில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்தார்.

"என்னத்துக்கு மச்சான் அவ்வளவு தூரம்?"

"பறவை பாக்க."

"பாத்து?"

"பாக்கத்தான்."

"ஓம், பாத்துப்போட்டு மறுகா என்ன செய்யிற?"

"வீட்ட வாற."

அவர் ஆலையில் நின்றவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களாடா கதைய? நம்மட சேர் குருவி பாக்கப் பாணமைக்கு அங்கால போறாராம். பாத்துப்போட்டு சும்மா வாறாராம்." மூட்டை தூக்கியவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கேள்வி பகிடி இல்லை, இந்த ஊரின் முழு அறிவும் அதற்குள் இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒன்றைக் கண்டால் அதைத் தின்னலாமா, விற்கலாமா, வேலியடைக்கலாமா என்று கேட்கத் தெரியும். பார்த்துவிட்டு அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வரலாம் என்பது இங்கே பைத்தியக்காரனின் பேச்சு.

வாடகை வேண்டாம் என்றார். லொறி அவருடையது, ஆட்கள் நம்முடையவர்கள், சும்மா இரண்டொருவர் கூட வருவார்கள் என்றார். பயணத்தன்று விடியலில் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் லொறியில் ஏறுவதற்கு நமக்கு இடமில்லை. மாமி, அவளுடைய தங்கச்சிமார், அவர்களுடைய புருஷன்மார், பள்ளியில் தொழுகை நடத்தும் லெப்பை, இரண்டு பெரிய சட்டி, கட்டிப் போட்ட ஆடு, அரிசி மூட்டை, லொறியின் பின்பக்கம் முழுக்க விறகுக் கட்டு. பெண்களுக்குப் பன்பாய் விரித்து, நடுவில் படங்குச் சீலை கட்டி மறைத்திருந்தார்கள். மாமி உன் உம்மாவைக் கேட்டது எனக்கு மறைப்புக்கு இந்தப் பக்கம் கேட்டது. "பூவும் பாக்கிறயாமே மச்சி? ஒங்கட மனிசன் கலியாணம் முடிச்சி இத்தின வருசத்தில ஒனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்திரிப்பாரா?" உன் உம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் குறித்து வைத்திருக்கிறேன்.

பாணமையைத் தாண்டி மணல் பாதையில் இறங்கியதும் இரண்டு பக்கமும் ஆவரை பூத்துக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மஞ்சள். நடுவில் ஒரு கொன்றை, இலையே இல்லாமல் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டு. மணல் மேட்டில் அடம்பன்கொடி ஊதாப் பூவோடு கடல் பக்கம் படர்ந்து போயிருந்தது. காய்ந்து வந்த ஒரு சிறு வில்லுக் குளத்துக்குள் வெள்ளை அல்லி. நீ லொறியிலிருந்து குதித்து ஓடினாய். பூவின் இதழ் ஐந்தும் ஒரே அளவில்லை, ஏன் என்று கேட்டாய். இன்று நீ தாவரவியல் படிக்கிறாய் என்றால் அந்தக் கேள்வியிலிருந்துதான் படிக்கிறாய். ஆவரம்பூ மட்டும் ஞாபகம் இருக்கிறது என்று எழுதினாயே, அதன் மிச்சத்தையும் கேள். மாமி இறங்கி வந்து, "ஆ, இது தேத்தண்ணி போடுற பூவெல்லோ!" என்றாள். அரிசியைச் சட்டியில் கொட்டிவிட்டு வெறும் சாக்கைக் கொண்டுவந்தார்கள். பெண்கள் இந்தப் பக்கம், ஆண்கள் அந்தப் பக்கம். கொப்பை வளைத்து உருவினார்கள். நீ பார்த்த அந்த மஞ்சள், நாங்கள் அங்கே நின்ற இடத்திலிருந்து கை எட்டிய தூரத்துக்கு இல்லாமல் போனது. சாக்கின் வாயைக் கட்டும்போது, "சீனி வருத்தக்காரருக்கு நல்ல மருந்து" என்று லெப்பை பரிந்துரை வேறு செய்தார்.

சரி, பூ திரும்பப் பூக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். உங்கள் இருவரையும் மட்டும் கூட்டிக்கொண்டு களப்பின் ஓரம் நடந்தேன். அந்தச் சத்தம் உனக்கு ஞாபகம் இல்லையா? மரம் தெரிவதற்கு முன்பே சத்தம் வந்தது. சந்தை கூடியது போல. பிறகு மணம், கருவாட்டு வாடி மணம். பிறகு மரங்கள். இலை தெரியவில்லை. வெள்ளையும் கறுப்பும், வால் பக்கம் இளஞ்சிவப்புமாக நாரைகள் கொப்புக்குக் கொப்பு. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. தாய்ப் பறவைகள் கூட்டின் மேல் நின்றபடி இரண்டு செட்டையையும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தன, பறப்பதற்கு அல்ல. உன் தோளைப் பிடித்துக் காட்டினேன். அந்த நிழலுக்குள் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு குந்தியிருந்தன. "கை நோகாதா வாப்பா அதுகளுக்கு?" என்று கேட்டாய். உன் உம்மா முந்தானையை விலக்கி நன்றாகப் பார்த்தாள். அவள் அப்படி ஒன்றைப் பார்த்து நின்றதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அந்தக் கொஞ்ச நேரம்தான் அந்தப் பயணம். மற்றதெல்லாம் லொறியும் சட்டியும்.

துவக்கு விறகுக் கட்டுக்குள் இருந்தது. வயல் வட்டைக்குள் பன்றி இறங்காமல் காவலுக்கு வைத்திருந்த லைசென்ஸ் துவக்கு. சரணாலய வாசலில் காவலாளி லொறியை எட்டிப் பார்த்தபோது, உன் மாமா அவனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துச் சிங்களத்தில் சுகம் விசாரித்தார். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வாசலிலேயே இறங்கியிருப்பேன். வெடிச் சத்தம் கேட்டதும் முழு மரமும் மேலே எழும்பியது. அப்படித்தான் தோன்றியது, மரமே எழும்பியது போல. கூடுகளில் மோதி எழும்பியதில் குஞ்சுகள் தண்ணீருக்குள் விழுந்தன. நீ காதைப் பொத்திக்கொண்டு உம்மாவின் சீலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாய். ஒரு நாரை சேற்றில் விழுந்து ஒரு செட்டையை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. மாமியின் தங்கச்சி மாப்பிள்ளை ஆட்டை அறுத்த கத்தியோடு இடுப்பளவு தண்ணீரில் விழுந்தடித்து ஓடினார். உயிர் போவதற்குள் அறுக்க வேண்டுமே. "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்!" கரையில் நின்றவர்கள், "சுறுக்கா, சுறுக்கா! மௌத்தாகப் போகுது!" என்று கத்தினார்கள். அந்தப் பறவையின் உயிர் மேல் அவர்களுக்கு இருந்த அக்கறை அது ஒன்றுதான்.

கழுத்து அறுபட்ட நாரையைக் காலைப் பிடித்துத் தூக்கி வந்து என் முன்னால் போட்டார்கள். தின்னலாமா என்ற சந்தேகம் அப்போதுதான் அவர்களுக்கு வந்தது. லெப்பை நல்ல மனிதர். முறைப்படி விசாரித்தார்.

"சேர், இது நகத்தால கிழிச்சித் தின்னுற சாதியா?"

"இல்ல."

"பிணம் தின்னுமா?"

"இல்ல. மீன்தான்."

"அப்ப என்ன? நம்மட சாதிதான்" என்றார் உன் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். உரிப்பதற்கு ஒருவர் குந்தினார்.

நான் லெப்பையிடம் கேட்டேன். "களவெடுத்த கோழிய பிஸ்மி சொல்லி அறுத்தா ஹலாலாகுமா?"

"அதெப்பிடி சேர்? களவெல்லோ."

"இதுவும் களவுதான். இது காவல் போட்ட இடம். துவக்க ஒளிச்சிக்கொண்டு வந்திரிக்கீங்க. அங்க கூட்டுக்குள்ள குஞ்சு வாயத் திறந்துகொண்டிரிக்கு. இது ஹராம். நான் சாப்பிட மாட்டன்."

உன் மாமா துவக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆர்ர கோழி மச்சான் இது? ஒங்கட வாப்பாட கோழியா? அல்லாஹ்ட காட்டில அல்லாஹ்ட குருவி. கவுண்மேந்து அடைவச்சிப் பொரிச்சதா?" மறுபடியும் சிரிப்பு. லெப்பையைப் பார்த்தேன். அவருக்குப் பள்ளியில் வேலை கொடுத்தது உன் மாமா. அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "அதில ரெண்டு கருத்து இரிக்கு சேர்" என்றார். மற்றக் கருத்து என்ன என்று இன்று வரைக்கும் எனக்கு அவர் சொல்லவில்லை.

நம்மிடம் சஹனில் சோறு வைப்பார்கள். நீ விடுதியில் தட்டில் சாப்பிட்டுப் பழகியிருப்பாய், அதனால் சொல்கிறேன். ஒரு பெரிய தாலத்தில் சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே சோற்றில் கை வைப்பது. அந்த வட்டத்தில் உனக்கென்று விட்ட இடத்தில் நீ உட்காராவிட்டால், அந்த ஐந்து பேரின் கையும் அசுத்தம் என்று சொன்னதற்குச் சமம். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் உட்காரவில்லை. ஆட்டிறைச்சியோடு நாரையையும் போட்டுக் கிளறிவிட்டார்கள், பிரித்து எடுக்க முடியாமல், வேண்டுமென்றே. உன் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வீரை மரத்தின் கீழ் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். உன் உம்மாவைக் கூப்பிட்டேன். அவள் எழும்பப் பார்த்தாள். மாமி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து சஹனுக்குள் வைத்தாள். உன் உம்மா ஒரு பிடி சாப்பிட்டாள். ஒரேயொரு பிடி.

திரும்பி வரும்போது லொறியின் இருட்டில் அவளிடம் கேட்டேன், எழும்பி வந்திருக்கலாமே என்று. "காக்கா பாத்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்ய?" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நாம இரிக்கிற வீடும் அவர் நிண்டு கட்டித் தந்ததுதானே." உண்மைதான். நம் பக்கத்து வழக்கப்படி நான் கல்யாணம் முடித்து அவளுடைய வீட்டுக்குத்தான் வந்தேன். அந்த வீட்டின் சுவரை எழுப்பியது அவளுடைய காக்கா. ஆனால் சுவர் எழுப்பியவன் உள்ளே இருப்பவனின் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டான் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது? அன்று அவளிடம் அதைக் கேட்கவில்லை. இன்று உன் மூலம் கேட்கிறேன். அவளும் படிப்பாள்.

மறு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தது. உன் மாமா நம் குடியின் மரைக்காயர். பள்ளி நிர்வாகத்தில் நம் குடிக்காகப் பேசுகிறவர். எழும்பி நின்றார். "நம்மட ஒரு ஆள், படிச்ச ஆள், அல்லாஹ் ஹலாலாக்கினத ஹராம் எண்டு சொல்லியிரிக்கார். லெப்பைக்கு முன்னால சொல்லியிரிக்கார். இவர்தான் நம்மட புள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்." நான் எழும்பினேன். துவக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், குஞ்சுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "தௌபாச் செய்யட்டும். மறுகா கதைக்கட்டும்" என்றார். பின்னாலிருந்து பல குரல்கள், "ஓம், ஓம்" என்றன. அந்த முழுக் கூட்டத்திலும் துவக்கு என்ற வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை. சஹனில் உட்காராததுதான் அவரைச் சுட்டது. அதைச் சொன்னால் சின்னத்தனமாகத் தெரியும் என்று மார்க்கத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். செய்யாத பிழைக்குப் பாவமன்னிப்புக் கேட்டு நான் தௌபாச் செய்யவில்லை. செய்யவும் மாட்டேன்.

அதற்கு ஊர் கொடுத்த தண்டனை உனக்குத் தெரியாது. உன்னிடமிருந்து மறைத்தேன். சாய்ந்தமருதில் ஒரு கல்யாணம். பந்தலில் போய் ஒரு சஹனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார வந்தவர் என் முகத்தைக் கண்டதும் சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு அடுத்த வட்டத்துக்குப் போனார். இன்னொருவர் வந்தார், போனார். சோறு போடுகிறவன் தாலத்தைத் தூக்கி வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். "வைடா" என்றேன். ஆறு பேரின் சோறு எனக்கு முன்னால். பந்தல் முழுக்கப் பார்த்தது. நான் எழும்பி ஓடுவேன் என்று நினைத்தார்கள். ஓடவில்லை. என் பக்கத்துச் சோற்றை என் பக்கத்திலிருந்து மட்டும் சாப்பிட்டேன். மற்ற ஐந்து பேரின் பங்கையும் தொடாமல் விட்டுவிட்டுக் கை கழுவினேன். பல மாதம் இப்படி. பிறகு ஒரு கந்தூரியில் யாரோ ஒருவர் வந்து என் சஹனில் உட்கார்ந்தார், அடுத்தவரும் உட்கார்ந்தார். நாங்கள் செய்தது பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை. மழை விட்டது போல விட்டுவிட்டது. இதைத்தான் நீ "பழசு" என்கிறாய்.

கேள், இன்னும் முடியவில்லை. சென்ற வருடம் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம அதிதி யார் தெரியுமா? உன் மாமாவேதான். இப்போது ஹாஜியார், மாலை போட்டார்கள். எழும்பிப் பேசினார். காட்டையும் களப்பையும் பற்றிப் பேசினார். "பறவைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கூட்டில் குஞ்சு இருக்கும்போது தாயைச் சுடுவது பெரும் பாவம்" என்றார். செந்தமிழில், தாளைப் பார்த்து. பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் ஆசிரியர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் அவருடைய கண் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. சண்டை தொடங்கியதிலிருந்து பாணமைப் பாதையில் இடத்துக்கு இடம் இறக்கிச் சோதிக்கிறார்கள், அந்தப் பக்கம் போக ஒருவருக்கும் தைரியமில்லை. போக முடியாத இடத்தின் பறவைகள் மேல் இரக்கப்படுவது எவ்வளவு இலேசு! நான் சொன்னதை அவர் சொன்னால் உபதேசம். அவர் சொல்வதற்கு முன்பே நான் சொன்னதால் எனக்கு தௌபா.

இப்போது அவருடைய மகன். உனக்கு நாம் எழுதித் தரப் போகும் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, நான் இத்தனை வருடம் படுத்த முன்னறையில் படுப்பான். நானும் உம்மாவும் பின்வளவில் போட்ட இரண்டு அறைக்குள் போவோம். சுவர் எழுப்பியவரின் பிள்ளைக்கே சுவர் திரும்பிப் போகிறது. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. பொய் சொல்லி என்ன?

சென்ற பெருநாளுக்கு அவன் வந்தான். தனியாக. பயணத்துக்கு அவன் வரவில்லை, அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணி குடிக்கும் வரை பொறுத்திருந்து கேட்டேன். "ஒங்கட வாப்பா அண்டைக்குப் பள்ளியில சொன்னது சரியா, பிழையா?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "மாமா, பிழை எண்டு சொன்னா உங்களுக்குச் சந்தோசம். வீட்ட போய் வாப்பாட முகத்தில முழிக்க ஏலா. சரி எண்டு சொன்னா உங்கட முகத்தில முழிக்க ஏலா. ரெண்டு பேரையும் வச்சிக்கொண்டுதான் நான் இந்த ஊரில இரிக்கணும்."

"அப்ப வாய மூடிக்கொண்டிரிக்கப் போறீங்க?"

"இல்ல மாமா. உங்கட மகள் எங்க போய் எதப் பாக்கணும் எண்டாலும் நான் கூட்டிப் போவன். துவக்குக் கொண்டு போகமாட்டன். அது மட்டும் என்ட கையில இரிக்கு."

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை. ஆனால் பிழை என்று ஒரு சொல் சொல்லி என்னை மடக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சிரித்திருக்கலாம். அதை அவன் செய்யவில்லை. அவ்வளவு தூரம் ஒப்புக்கொள்கிறேன், அதற்கு மேல் ஒரு அங்குலமும் இல்லை.

இனி உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கல்யாணம் முடிந்த வீட்டில் உன் மணிக்கட்டையும் யாராவது பிடிப்பார்கள். அன்பாகத்தான் பிடிப்பார்கள். காக்கா பார்க்கிறார், மாமி பார்க்கிறா, ஊர் பார்க்கிறது என்பார்கள். வேண்டாததில் ஒரு பிடியும் சாப்பிடாதே. ஒரு பிடிதானே என்று உன் உம்மா சாப்பிட்ட அந்தப் பிடி எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னும் விழுங்கப்படாமல் இருக்கிறது. படித்த படிப்பைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னால் வைக்காதே. கோபத்தை விடு என்று எல்லோரும் சொல்வார்கள். விடாதே, ஆனால் எதன் மேல் கோபம் என்பதை மறந்துவிடாமல் வைத்திரு. இந்த ஊரில் எதையும் வைத்திருக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். காலையில் சுடுகிறார்கள், மாலையில் அமானிதம் என்கிறார்கள், நடுவில் நடந்ததைக் கேட்டால், "பழசு" என்கிறார்கள்.

நிகாஹ் விஷயத்துக்கு வருகிறேன். வலீ மறுத்தால் காதி நீதிபதியிடம் போய் வேறு வழியில் முடிக்கலாம் என்று உன் காதில் யாரோ போட்டிருப்பார்கள். தேவையில்லை. நான் வருவேன். உன் கண்ணீருக்காக வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, உன் மாமாவை மன்னித்துவிட்டேன் என்றும் நினைக்காதே. நீ கேட்பது அல்லாஹ் அனுமதித்த ஒன்று. பையனில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, தேடிப் பார்த்தேன். என் கோபத்துக்காக அதைத் தடுத்தேன் என்றால், ஹலாலை ஹராமாக்கினவன் என்று அன்று அவர் சொன்ன பொய் முதல் முறையாக உண்மையாகிவிடும். அந்த வெற்றியை அவருக்கு என் கையால் கொடுப்பேனா? மாட்டேன். வெள்ளைச் சாரமும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து, எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து, பையனின் வலது கையைப் பிடித்து, சொல்ல வேண்டியதைக் குரல் உடையாமல் சொல்வேன்.

அது முடிந்து துஆ ஓதியதும் எல்லோரும் எழும்பி ஒருவரையொருவர் கட்டிப்பிடிப்பார்கள். உன் மாமா கையை விரித்துக்கொண்டு என்னிடம் வருவார். பந்தல் முழுக்க அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கும். "மச்சான், அண்டைக்குப் பள்ளியில நான் சொன்னது பிழை" என்று அவர் பள்ளியில் பேசிய அதே குரலில் சொன்னால், நானும் கையை விரிப்பேன். சொல்லாமல் கட்டிப்பிடிக்க வந்தால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். நீ பெண்கள் பக்கம் உள்ளறையில் இருப்பாய், உனக்குத் தெரியாது. யாராவது மூச்சிரைக்க ஓடி வந்து உன்னிடம் சொல்வார்கள். சொல்லட்டும், மகள். உன் நிகாஹ் அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

வாப்பா